மூன்றாம் நம்பர் பதில் சொன்னது

போன் அடித்தது.

வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில், ஆறு மாதக் குழந்தை ஒன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள் ஜெனிதா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு கையில் போத்தல். மறு கையில் போன்.

"லோரன்ஸ் சம்சாரமா பேசுறது?"

"ஆமாங்க."

"ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். கொம்புமலையில ஒரு பிள்ள விழுந்து செத்துப்போச்சு. உங்க வீட்டுக்காரர புடிச்சு வச்சிருக்கோம்."

"அவர ஏங்க?"

"தள்ளி விட்டது அவர்தானே."

குழந்தை வீறிட்டு அழுதது. போத்தல் கீழே கிடந்தது.

*

இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனால் கொட்டகலையில் 'எரிமலை கிளப்' என்று ஒன்று உண்டு.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. இந்தோனேசியாவில் புகைந்துகொண்டே நிற்கும் ஒரு மலைக்கு வருடத்துக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வழிகாட்டி லோரன்ஸும் கூடப் போவான். அந்த ஒருவர் யார் என்பதை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கொம்புமலையில் ஏற்றிப் பார்த்து லோரன்ஸே முடிவு செய்வான்.

கொம்புமலையில் எந்த நேரமும் மூடுபனி. முன்னால் போகிறவனின் முதுகே தெரியாது. அதனால் லோரன்ஸ் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஆளுக்கு ஒரு நம்பர். வழியில் நின்று அவன் கூப்பிட வேண்டியது. பின்னால் வருகிறவர்கள் வரிசையாகத் தங்கள் நம்பரைச் சொல்ல வேண்டியது. ஒரு நம்பர் வராவிட்டால் அத்தனை பேரும் கீழே இறங்க வேண்டியதுதான். பேச்சே இல்லை.

அன்றைக்கு மழை. நாலு பேர்தான் ஏறினார்கள்.

ஒன்று, லோரன்ஸ். இரண்டு, தனுஷிகா. மூன்று, சுலக்ஷனா. கடைசியாக நாலாம் நம்பர் விஜிதரன், கிளப்பின் தலைவர்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று பேர்.

"நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று லோரன்ஸ் தனியாகக் கீழே இறங்கினான்.

மறுநாள் காலையில் வழுக்குப் பாறைக்குக் கீழே, மரக்கிளைகளில் சிக்கிக் கிடந்தாள் சுலக்ஷனா. வயது இருபத்து நாலு. கழுத்து முறிந்திருந்தது. ஒரு கை நகங்களில் வேறு யாரோ போட்டிருந்த ரெயின்கோட்டின் நூல். பிடித்துத் தொங்கப் பார்த்திருக்கிறாள் பாவம்.

கிளப்பில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரெயின்கோட்.

*

சப்-இன்ஸ்பெக்டர் ஷாமிலா முன்னால் போய் நின்றாள் ஜெனிதா. லோரன்ஸ் ரிமாண்டில் இரண்டு வாரம் இருந்தாயிற்று.

"உக்காருங்க" என்றாள் ஷாமிலா. "அழுறதுன்னா அழுதுட்டுப் பேசுங்க. அவசரமில்ல."

"நான் அழ வரல மிஸ். அவர் செய்யல."

"எல்லாப் பொண்டாட்டியும் அதத்தான் சொல்றாங்க."

"எப்படி அவர்தான்னு முடிவு கட்டினீங்க?"

ஷாமிலா பேனாவை மேசையில் போட்டாள்.

"கேளுங்க. வழுக்குப் பாறைய தாண்டினா புல்வெளி. புல்வெளி முடிவுல உங்க வீட்டுக்காரர் நின்னு நம்பர் கூப்பிட்டிருக்கார். ரெண்டு, மூணு, நாலு... மூணு பேரும் பதில் சொல்லியிருக்காங்க. மூணாம் நம்பர் பொம்பளக் குரல், எல்லாருக்கும் கேட்டிருக்கு. அப்ப அந்தப் பிள்ள உசுரோட புல்வெளிக்கு வந்துருச்சு. அதுக்குப் பொறகு கீழ இறங்கினது ஒரே ஆள். அது யாரு?"

ஜெனிதா பையைத் திறந்து ஒரு காற்சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது அன்னைக்கு அவர் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திட்டுத்தான் திரும்ப மத்தவங்களோட தேடப் போனார். பாருங்க."

முழங்கால் வரைக்கும் ஒட்டுப்புல். விதைகள் துணியோடு பின்னிக் கிடந்தன.

"துவைச்சேன். போகல. ஒவ்வொண்ணா கையால புடுங்கணும். அந்தப் புல்வெளியில நடந்தா யாரையும் இது விடாது. சுலக்ஷனா காற்சட்டையில இருந்துச்சா மிஸ்?"

ஷாமிலா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆனது.

வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அவ புல்வெளிக்கே வரல."

"பாறையிலேயே நின்னு பதில் சொல்லியிருக்கலாமே?"

"பாறைக்குப் பக்கத்துல அருவி. பத்தடி தள்ளி நின்னு கத்தினாலே கேக்காதுன்னு அவர் சொல்லியிருக்கார். அங்க நின்னு நம்பர் குடுத்தா மேல எப்படிக் கேக்கும்?"

ஷாமிலா மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப மூணுன்னு சொன்னது யாரு...?"

"அதத்தான் மிஸ் கண்டுபுடிக்கணும். கோர்ட்டுக்கு இந்தப் புல்லு போதுமா?"

"போதாது. லோயர் ஊதி விட்டுருவார். சொன்ன ஆளே வாயத் தொறந்து ஒத்துக்கணும்."

"அப்ப நான் அந்த கிளப்புல சேரப்போறேன்."

ஷாமிலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மெலிந்த உடம்பு. ரப்பர் செருப்பு.

"தனியாவா? போன பிள்ள எப்படித் திரும்பி வந்துச்சுன்னு பாத்தீங்கதானே. நானும் வாறேன்."

*

ஜெனிதா 'சிசிலி' ஆனாள். ஷாமிலா, கண்டியிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஆனாள். கிளப்பில் ஜெனிதாவை யாரும் நேரில் பார்த்ததில்லை; வாக்குமூலம் எடுத்தது வேறு பொலிஸ்காரர்கள் என்பதால் ஷாமிலாவையும் தெரியாது.

கிளப்பில் நினைத்தவுடன் கொம்புமலை ஏற முடியாது. இரண்டு சின்ன மலைகளை ஏறிக் காட்ட வேண்டும். காட்டினார்கள். ஜெனிதாவின் கால் விரல்களில் நகம் கறுத்துப் போனது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

விஜிதரன் நாற்பது வயது மனிதர். அதிகம் பேசமாட்டார். லோரன்ஸ் பெயர் வந்தால் அதுவும் பேசமாட்டார். ஷாமிலாவுக்கு அவர் மேல்தான் கண்.

"கடைசியா வந்தவர் அவர்தான்" என்றாள் ஒருநாள் பஸ்ஸில். "அட்டை கடிச்சுருச்சு, நின்னு புடுங்கினேன்னு சொல்றார். யார் பாத்தது? அந்தக் குரலையும் அவரே மெலிசாக்கிக் குடுத்திருக்கலாம்."

தனுஷிகாவோ வாயாடி. ஹட்டனில் போன் கடை வைத்திருந்தாள். பெரிய கிளாக்கரின் மகள், தோட்டத்து ஸ்டாப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். புதிதாக வந்த இருவருக்கும் சப்பாத்து நாடா கட்டுவதில் தொடங்கி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

"சுலக்ஷனாவ நெனச்சா இன்னும் தூக்கம் வரல அக்கா" என்றாள் ஜெனிதாவிடம். "எனக்குப் பின்னாலயே வந்தா. மூணுன்னு அவ சொன்ன குரல் இப்பவும் காதுல கேக்குது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நல்ல பிள்ளைதான் போலிருக்கிறது என்று ஜெனிதா நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இதற்கிடையில் ரிமாண்டுக்கும் போய்வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் லோரன்ஸ் பாதியாய் இளைத்திருந்தான்.

"யார் மேலயாச்சும் சந்தேகம் இருந்தா சொல்லுங்க. ஏதாவது மறைக்கிறீங்களா?"

"இல்ல ஜெனி."

"அந்தப் பிள்ளைங்களுக்குள்ள சண்ட ஏதும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சத்தியமா?"

"விடு ஜெனி. எனக்கு விதிச்சது இதுதான்."

தலையைக் குனிந்துகொண்டான். மாதாவே, இப்படிப்பட்ட மனுஷனையா கொலைகாரன் என்கிறார்கள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள் ஜெனிதா.

*

கடைசியில் கொம்புமலை.

நாலு பேர். இந்த முறை விஜிதரன் முன்னால். அவருக்குப் பின்னால் தனுஷிகா. மூன்றாவது ஜெனிதா. கடைசியில் ஷாமிலா.

"மூணாம் நம்பர் உங்களுக்கு வேணாம் சிசிலி" என்றார் விஜிதரன். "அது ராசியில்லாத நம்பர். அஞ்சுன்னு வச்சுக்கங்க."

"பரவாயில்லீங்க. எனக்கு மூணே இருக்கட்டும்."

காடு முடிந்தது. அருவியின் இரைச்சல் வந்தது. வழுக்குப் பாறையில் பாதை இரண்டடி அகலம்தான். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெறும் வெள்ளைப் பனி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஜெனிதாவுக்குத் தைரியம் வரவில்லை. சுலக்ஷனா விழுந்த இடம். கையைப் பாறையில் ஊன்றி ஊன்றி நகர்ந்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"புடிங்க அக்கா" என்றாள் தனுஷிகா. "இந்த இடம்தான் மோசம்."

பிடிப்பதா, வேண்டாமா?

ஜெனிதா பிடித்தாள். கை அவளை இழுத்து அந்தப் பக்கம் சேர்த்தது. ஒன்றும் ஆகவில்லை.

பிறகு புல்வெளி. அதன் முடிவில் விஜிதரன் நின்றார். யாரும் யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு?" என்று கூப்பிட்டார்.

"ரெண்டு" என்றாள் தனுஷிகா.

"மூணு?"

பதில் இல்லை.

"மூணு?"

ஜெனிதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சிசிலி... சிசிலி... எங்க இருக்கீங்க?" விஜிதரன் பனிக்குள் தடதடவென்று ஓடி வந்தார். வந்தவர் ஜெனிதாவைக் கண்டதும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, உசுரு போய்ட்டு வந்துச்சு. ஏன் பேசல?"

"உசுரோட நிக்கிற நானே பேசலைன்னா மூணாம் நம்பர் வராது. செத்துப்போன பிள்ள அன்னைக்கு எப்படிங்க நம்பர் குடுத்துச்சு?"

"என்ன சொல்றீங்க?"

"சுலக்ஷனா இந்தப் புல்லுல கால் வைக்கவே இல்ல. அவ துணியில ஒரு ஒட்டுப்புல் கிடையாது. உங்க காலப் பாருங்க. என் காலப் பாருங்க."

பார்த்தார். முழங்கால் வரைக்கும் ஒட்டியிருந்தது.

"நான் சிசிலி இல்ல. லோரன்ஸோட சம்சாரம் ஜெனிதா. இவங்க டீச்சரும் இல்ல, பொலிஸ்."

ஷாமிலா முன்னால் வந்து நின்றாள். விஜிதரன் வாயைப் பிளந்தார்.

"அன்னைக்கு மூணுன்னு சொன்னது பொம்பளக் குரல்" என்றாள் ஷாமிலா. "மலையில அன்னைக்கு ரெண்டே பொம்பளைங்க. ஒருத்தி கீழ கெடந்தா. தனுஷிகா... நீங்க சொல்லுங்க."

தனுஷிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"அவ பின்னால வந்துகிட்டிருப்பான்னு நெனச்சேன். ஒரு நம்பர் வரலைன்னா லோரன்ஸ் எல்லாரையும் எறக்கிருவார். அன்னைக்கு அவளுக்கு எரிமலைக்குப் போற தேர்வு. பாவம்னு அவ நம்பரயும் சேத்துக் குடுத்தேன். நம்ம ஆளுங்க பெரட்டுல செய்யறதுதானே. ஒருத்தி வரலைன்னா இன்னொருத்தி அவ பேருக்குக் குரல் குடுப்பா. அந்தப் பழக்கத்துல வாயில வந்துருச்சு. பொறகு அவ செத்துட்டான்னதும் பயந்துட்டேன். சொல்ல முடியல."

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் பெரட்டு தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். ஷாமிலாவின் முகம் இளகியது. அவள் மெல்லத் திரும்பினாள், விஜிதரன் பக்கம்.

"அப்ப அந்தப் பிள்ள உங்களுக்கு முன்னால போகல. நீங்க பாறைய தாண்டும்போது அங்க நிக்கவும் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. லோரன்ஸ் அப்ப மேல நின்னு நம்பர் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். மிச்சம் யாரு?"

"மிஸ்... ஐயோ, நான் அட்ட புடுங்கிக்கிட்டு நின்னேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"எழும்புங்க."

விஜிதரன் புல்லை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தனுஷிகா விசும்பிக்கொண்டே ஜெனிதாவின் தோளில் சாய்ந்தாள். "அக்கா, மன்னிச்சிருங்க. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணன் உள்ள போயிருக்கமாட்டார்."

லோரன்ஸ் தப்பினான். ஜெனிதா கேட்டு வந்தது அதைத்தானே? இத்தோடு இறங்கிப் போயிருக்கலாம்.

போகவில்லை.

"தங்கச்சி" என்றாள். "நீங்க பெரட்டுல நின்னிருக்கீங்களா?"

"இல்ல அக்கா. எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன்."

"நான் மூணு வருஷம் நின்னிருக்கேன். கொழுந்துக்குப் போய்த்தான் பொறகு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தேன். பெரட்டுல கணக்கப்பிள்ள மூஞ்சியப் பாத்துத்தான் பேர் போடுவார். ஒருத்தி பிந்திட்டான்னா மத்தவ என்ன சொல்லுவா தெரியுமா? 'பின்னால வருதுங்க ஐயா'ம்பா. அவ்வளவுதான். அவளாவே மாறி, அவ குரல்ல 'இருக்கேன்'னு எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டா. சொன்னா அங்கேயே சிரிச்சிருவாங்க."

தனுஷிகாவின் விசும்பல் நின்றது.

"சுலக்ஷனா பிந்தி வாறான்னு நீங்க நெனச்சிருந்தா 'மூணு வருது'ன்னு சொல்லியிருப்பீங்க. அவரும் நின்னிருப்பார், கூட்டிட்டுப் போயிருப்பார். நீங்க அவ குரல்ல பேசினீங்க. வருதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. ஏன்னா வரமாட்டான்னு தெரியும்."

காற்று அடித்தது.

"பாறையில கை குடுத்தீங்களே, எனக்குக் குடுத்த மாதிரி" என்றாள் ஜெனிதா. "அவளுக்கும் குடுத்தீங்களா?"

"வாய மூடு."

குரல் மாறிவிட்டது. வாயாடித் தங்கச்சியின் குரல் அல்ல அது.

"கொழுந்து கிள்ளின லயத்துப் பொம்பள நீ, எனக்குப் பாடம் எடுக்கிறியா? நீ வந்த அன்னைக்கே உன்ன எனக்குத் தெரியும். உன் மூஞ்சியத்தான் அவர் பர்ஸ்ல வச்சிருக்காரே. அந்தப் போட்டோவ தூக்கி வீசுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்..."

சட்டென்று நிறுத்தினாள்.

பிந்திவிட்டது.

ஜெனிதாவுக்குக் கொலைகாரியைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை.

"அவரோட பர்ஸ நீ எங்க பாத்த?"

தனுஷிகா சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எங்க பாத்திருப்பேன்? ரெண்டு வருஷம். எரிமலைக்கு உன்னத்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷம். பொறகு அவ வந்தா. அவள கூட்டிட்டுப் போறேன்னு என்கிட்டயே சொல்றார். அன்னைக்கு ஏறினது தேர்வுக்கா? சும்மா பேருக்கு. சீட்டு அவளுக்கு எப்பவோ குடுத்தாச்சு. வழுக்குப் பாறையில வச்சு அதையும் அவ வாயால சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா..."

"அதுக்குத் தள்ளிட்டியா?"

"கை குடுத்தேன். விட்டுட்டேன். கோட்ட புடிச்சா... ஒதறினேன்."

ஷாமிலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தனுஷிகா திமிறவில்லை.

"லோரன்ஸுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் ஷாமிலா.

"தெரியாம? ஸ்டேஷன்ல என்னப் பாத்த பார்வையிலேயே தெரிஞ்சுது. என் பேர சொன்னா, ஏன் செஞ்சேன்னு நீங்க கேப்பீங்க. கேட்டா இவளுக்குத் தெரிஞ்சிரும். அதுக்குப் பயந்து வாயத் தொறக்கல."

ஜெனிதாவின் கண்ணில் நீர் முட்டியது. கம்பிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்து நின்றானே... அது பழியைச் சுமந்த தலை என்று நினைத்தாளே. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாளே. நகம் கறுக்கக் கறுக்க மலை ஏறினாளே. யாருக்காக?

புல்லில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். விஜிதரன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

*

மலையடியில் பொலிஸ் ஜீப் காத்திருந்தது. தனுஷிகாவை ஏற்றினார்கள். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷாமிலா ஜெனிதாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஜெனிதா, கோர்ட்டுல எல்லாம் சொல்ல வேண்டி வரும். உங்க வீட்டுக்காரர் சங்கதியும் சேத்து. பேப்பர்ல வரும். தாங்குவீங்களா?"

"சொல்லுங்க மிஸ். ஒண்ணும் விடாம சொல்லுங்க. அந்தப் பிள்ள சுலக்ஷனாவ பெத்தவங்களுக்கு உண்மை தெரியணும்."

"உங்க கோவம் எனக்கு வெளங்குது. ஆனா செய்யாத கொலைக்கு அவர உள்ள வச்சிருக்க முடியாது. வெளிய விட்டுத்தான் ஆகணும்."

ஜெனிதா முகத்தைத் துடைத்தாள். குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"தாராளமா விடுங்க மிஸ். அவர வெளிய விடுறது உங்க வேல."

பஸ் வரும் சத்தம் கேட்டது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உள்ள விடுறதா வேணாமாங்கிறது என் வேல."